நாட்கூலியில் வீடு கட்டும்போது எங்கே பிழைக்கிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கிளிநொச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த வீட்டு வேலைகளில் பாதிக்கு மேல் இப்போது நாட்கூலியில்தான் நடக்கிறது. சாமான் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுப்பார். மேசனும் கையாட்களும் நாளுக்கு இவ்வளவு என்று சம்பளம் எடுப்பார்கள். 2022 நெருக்கடியில் சீமெந்து விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்குக்கும் மேலே ஏறியபோது, முழு வீட்டுக்கும் ஒரே விலை பேசியிருந்தவர்கள் பாதியில் வேலையை விட்டுப் போனதைப் பார்த்தோம். அதற்குப் பிறகு கொந்தராத்து என்றாலே இரு பக்கமும் பயம். சரி, நாட்கூலியே நல்லது என்று இறங்குகிறோம். இறங்கினால் வேறு விதமான தலையிடிகள் வருகின்றன.

எங்கள் வீடு, அக்கா வீடு, கனடாவில் இருக்கும் அண்ணாவுக்காகக் கட்டிய வீடு என்று மூன்று வேலைகளை நின்று பார்த்திருக்கிறேன். முதல் வீட்டில் தெரியாமல் நிறைய இழந்தேன். அதில் படித்ததை இங்கே அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். உங்கள் வேலையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் எல்லாத் தலைப்புக்கும் ஒரு கொப்பி வேண்டும். 80 பக்கக் கொப்பி போதும். ஒவ்வொரு நாளும் வேலை விட்ட பிறகு ஐந்து நிமிடம் மேசனோடு இருந்து எழுத வேண்டும்: யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்தச் சுவரில் எவ்வளவு வேலை முடிந்தது, என்ன சாமான் வந்தது, எத்தனை பை சீமெந்து உடைத்தார்கள், நாளைக்கு என்ன வேண்டும். கீழே இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். இந்தக் கொப்பி இல்லையென்றால் கீழே சொல்லும் சோதனைகளில் முக்கால்வாசியைச் செய்யவே முடியாது.

நாள் போகிறது, சுவர் எழும்பவில்லை

எல்லோருக்கும் முதலில் வரும் முறைப்பாடு இதுதான். உடனே மனம் போகும் இடம், "இவங்கள் இழுத்தடிக்கிறாங்கள்" என்பது. நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு கிழமை முழுக்க மேசன் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கொப்பியைத் திருப்பிப் பார்த்தால், அந்தக் கிழமையில் இரண்டு நாள் மணல் இல்லை, ஒரு அரைநாள் கதவு நிலை எந்தப் பக்கம் என்று நான் முடிவு சொல்லவில்லை. ஆறு நாள் சம்பளத்தில் இரண்டரை நாளை வீணாக்கியது நான். ஆகவே ஆளைச் சந்தேகிக்கும் முன் முற்றத்தைப் பாருங்கள்.

காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும்போது போய் நில்லுங்கள். அன்றைக்குத் தேவையான கல், மணல், சீமெந்து, தண்ணீர் நான்கும் முற்றத்தில் இருக்கிறதா? கல் குவியல் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இல்லை வீதியோரம் பறித்தபடியே கிடக்கிறதா? கல் வீதியில் கிடந்தால் இரண்டு கையாட்களின் காலை நேரம் சுமப்பதிலேயே போகும், மேசன் சாந்தை வைத்துக்கொண்டு நிற்பார். டிப்பர்காரரிடம் முன்கூட்டியே சொல்லி உள்ளே பறிக்க வைத்தால் அந்தச் சம்பளம் மிச்சம். ஆவணி, புரட்டாசியில் கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். அந்த நாட்களில் தண்ணீர்த் தாங்கியை இரவே நிரப்பி வையுங்கள்.

நான்கும் இருக்கிறது, ஆனாலும் வேலை ஓடவில்லை என்றால் ஆள் விகிதத்தைப் பாருங்கள். ஒரு மேசனுக்கு ஒரு கையாள் போதுமான இடத்தில் மூன்று பேர் நிற்கிறார்களா? அல்லது இரண்டு மேசனுக்கு ஒரே ஒரு கையாள் சாந்து குழைத்துக் களைத்துப் போகிறாரா? இரண்டும் உங்கள் காசைத்தான் தின்னும். மிக்சர் வாடகைக்கு எடுத்த நாளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். மிக்சர் நின்றாலும் வாடகை ஓடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மெதுவாகப் போனால்தான் கேள்வி ஆளைப் பற்றியது. அதற்கும் ஊர்க்கதையை வைத்து அளக்க வேண்டாம். "அவன் ஒரு நாளில 200 கல்லு வைப்பான்" என்று பக்கத்து வீட்டு அண்ணை சொல்வார். அந்தக் கல் எத்தனை அங்குலம், சுவர் எத்தனை உயரம், உயரத்தில் நின்று வைக்கச் சாரம் (மரத்தட்டு) கட்டியதா என்று அவர் சொல்லமாட்டார். உங்கள் வேலையில் சாமான் குறையாமல் இருந்த முதல் மூன்று நாளை எடுங்கள். அந்த மூன்று நாளில் வைத்த கல்லை எண்ணி, மூன்றால் பிரியுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். எங்கள் அக்கா வீட்டில் 6 அங்குலக் கல்லில் ஒரு மேசனுக்கு ஏறத்தாழ 100 வந்தது. சாரத்துக்கு மேலே ஏறியதும் 70 ஆகக் குறைந்தது, அது நியாயமானதுதான். ஆனால் ஒரே உயரத்தில், ஒரே ஆளில், காரணம் இல்லாமல் 50 ஆனால் அன்றைக்கே கேட்க வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியவரும்: எல்லா வேலையும் நாட்கூலிக்கு ஏற்றதல்ல. பூச்சு, தரைக்கு மாபிள் பதிப்பது, பெயின்ற் போன்றவற்றை அளந்து பார்க்கலாம். அவற்றுக்குச் சதுர அடிக் கணக்கில் பேசுவது இரு பக்கத்துக்கும் நல்லது. போரில் அடிபட்ட பழைய வீட்டைத் திருத்துவது வேறு. மேலே பூச்சைத் தட்டினால்தான் உள்ளே சுவர் எவ்வளவு வெடித்திருக்கிறது, பீம் கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று தெரியும். அதற்கு யாராலும் நேர்மையாக முன்கூட்டியே விலை சொல்ல முடியாது, நாட்கூலிதான் சரி. அப்படிப்பட்ட வேலையில் மேசனிடமே கேளுங்கள்: "அண்ணை, உங்கட கணக்குக்கு இது எத்தினை நாள்?" அவர் 12 நாள் என்றால் அதைக் கொப்பியில் எழுதி, 9ஆம் நாள் இருவரும் நின்று பார்ப்போம் என்று பேசிக்கொள்ளுங்கள். 9ஆம் நாளில் பாதிதான் முடிந்திருந்தால் காரணம் அப்போதே வெளியே வரும், காசும் கையில் இருக்கும்.

சீமெந்து கணக்கு இடிக்கிறது

20 பை இறக்கினோம், நாலு நாளில் முடிந்துவிட்டது, சுவரைப் பார்த்தால் அவ்வளவு வேலை தெரியவில்லை. இந்த இடத்தில் களவு என்று வாய் திறக்கும் முன் கணக்குப் பாருங்கள். கணக்கு கஷ்டமில்லை.

கொங்கிறீற் என்றால், 1:2:4 கலவையில் (சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு) 100 கன அடிக்குக் கிட்டத்தட்ட 18 பை போகும், பை ஒன்று 50 கிலோ. உதாரணத்துக்குக் கதவு, யன்னலுக்கு மேலே போகும் லிண்டல் பீம் 110 அடி ஓடுகிறது, 6 அங்குல அகலம், 6 அங்குல உயரம் என்று வையுங்கள். அரை அடியை அரை அடியால் பெருக்கி 110 ஆல் பெருக்கினால் 27.5 கன அடி. அதற்கு 5 பை. 6 பை போனால் பரவாயில்லை. 9 பை போனால் கொங்கிறீற்றைத் தாங்க அடித்த செற்றிங் பலகை வயிறு தள்ளியிருக்க வேண்டும், அல்லது கலவை அளவு மாறியிருக்க வேண்டும், அல்லது அந்தப் பைகள் பீமுக்குள் போகவில்லை. பலகையைக் கழற்றியதும் பீமின் அகலத்தை நாடாவால் அளந்தால் முதல் காரணம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பூச்சில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அதில் ஏமாற்றுவது பெரும்பாலும் நமது சுவர்தான். அரை அங்குலத் தடிப்பில், 1:5 கலவையில் 100 சதுர அடிக்கு முக்கால் பை போதும். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதை நேராக்க மேசன் ஒரு அங்குலம் வரை அப்புவார், உடனே ஒன்றரைப் பை ஆகிவிடும். 1,000 சதுர அடியில் ஏழரைப் பைக்குப் பதில் 15 பை. பூசும் தம்பி எதையும் எடுக்கவில்லை, கல் வைத்த நாளில் மட்டம் பார்க்காததன் விலையைத்தான் இப்போது கட்டுகிறோம். ஆகவே பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். கல் கட்டும் காலத்திலேயே ஒவ்வொரு நாளும் மாலையில் பார்த்தால் இன்னும் நல்லது.

அடுத்தது குழைத்துவிட்டு வைத்திருக்கும் சாந்து. ஒரேயடியாக இரண்டு பை குழைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். வெயிலில் அது இறுகத் தொடங்கும், பிறகு தண்ணீர் ஊற்றி மறுபடி கிண்டுவார்கள். குழைத்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்த சாந்துக்கு மறுபடி தண்ணீர் விட்டால் பிடிமானம் குறைந்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் அதைவிட வேகமாகவே இறுகும். பகல் பதினொன்றரைக்குப் பிறகு அரைப் பைக்கு மேல் குழைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

வெறும் பைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு மாலையும் வெறும் பை எத்தனை, முழுப் பை எத்தனை, இரண்டும் சேர்த்தால் இறக்கிய எண்ணிக்கை வருகிறதா? இதை ஆளை நோகடிக்காமல் செய்யலாம், "பையைக் கட்டி வைச்சால் விக்கலாம் தம்பி" என்றாலே அவர்களே அடுக்கி வைப்பார்கள். பை கணக்கு சரி, அளவுக் கணக்கும் சரி, ஆனாலும் மேலே சொன்ன எண்களோடு ஒத்துவரவில்லை என்றால் அப்போதுதான் வேறு கேள்வி கேட்கலாம்.

சேமித்து வைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நிலத்தில் அடுக்கியிருந்த சீமெந்து அத்தனையும் கல்லாகிப் போனது. வெள்ளமே வேண்டாம், ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று போதும். நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில் பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்கி, மேலே படங்கு மூடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு கிழமைக்குத் தேவையானதுக்கு மேல் வாங்கவே வேண்டாம்.

மணல் லோட் சொன்ன அளவுக்கு நிற்கவில்லை

ஒரு கியூப் என்பது 100 கன அடி. பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் பறிப்பதற்கு முன்னே அளக்க வேண்டும். 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலம் உள்ள ட்ரக்டர் பெட்டியில் மணல் 2 அடி நின்றால் 99 கன அடி. மூன்று அங்குலம் குறைந்தாலே 12 கன அடி போய்விடும். நடுவில் குவித்து ஓரத்தில் தாழ்த்தி ஏற்றியிருப்பார்கள், அதனால் ஒரு கம்பியை நான்கு மூலையிலும் நடுவிலும் குத்தி ஐந்து உயரத்தின் சராசரியை எடுங்கள். ஈர மணல் ஊதி நிற்கும், காய்ந்ததும் இறங்கும். முந்தின நாள் மழையில் நனைந்த மணல் காய்ந்த மணலைவிட நாலில் ஒரு பங்கு வரை அதிக இடம் பிடிக்கலாம் என்பதால், ஈர மணல் வந்த நாளில் விலை பேசும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். ஏற்றி வருபவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாமல் வந்த லோட் வீதியில் பிடிபட்டால் அன்றைக்கு உங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்கள், சம்பளம் நீங்கள் கொடுக்க வேண்டும்.

பூனகரிப் பக்கம் போன்ற கரையோரங்களில் கட்டுபவர்கள் மணலையும் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிடுங்கள். உப்புக் கரித்தால் கம்பி போடும் இடங்களுக்கு வேண்டாம்.

சனிக்கிழமை சம்பளக் கணக்கில் வாய்த்தர்க்கம்

"நான் ஆறு நாள் வந்தன்", "இல்லை, புதன் அரைநாள்". கொப்பியில் அன்றன்றைக்குக் கையெழுத்து இருந்தால் இந்தப் பேச்சே வராது. முதல் நாளே மூன்று விடயம் பேசி எழுதிவிடுங்கள்: எத்தனை மணிக்குப் பிறகு வந்தால் அரைநாள், மழையால் நின்றால் எப்படி, சாமான் இல்லாமல் நின்றால் எப்படி. சாமான் இல்லாமல் நின்றால் முழுச் சம்பளம் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். அது நியாயம், உங்களையும் சாமான் விடயத்தில் விழிப்பாக வைத்திருக்கும். மழைக்கு எங்கள் வீட்டில், பத்து மணிக்கு முன் மழை தொடங்கி வேலை நின்றால் கால் நாள், பிறகு என்றால் அரைநாள் என்று வைத்தோம்.

ஆட்கள் திடீரென்று வரவில்லை

வன்னியில் மேசன் வெறும் மேசன் மட்டுமல்ல, அவருக்கும் இரணைமடுவுக்குக் கீழோ முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழோ வயல் இருக்கும். தை, மாசியில் காலபோக நெல் அறுவடை, ஐப்பசியில் விதைப்பு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையில் முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்களை எதிர்பார்க்கவே முடியாது, ஜூலைத் தொடக்கத்தில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிற குடும்பங்களும் அப்படித்தான். இதைத் தடுக்க நினைப்பதைவிடக் கலண்டரை எடுத்து முன்கூட்டியே குறித்துவிடுவது மேல். கூரை போடும் வேலையை அறுவடை மாதத்தில் வைத்துவிட்டு ஆள் இல்லை என்று அழுவதில் பயனில்லை.

ஆனால் அறுவடையும் இல்லை, திருவிழாவும் இல்லை, போனும் எடுக்கவில்லை என்றால் முற்பணத்தைப் பாருங்கள். எவ்வளவு கொடுத்து வைத்திருக்கிறீர்கள்? செய்து முடித்த வேலையைவிட அதிகமாகக் காசு போயிருந்தால் அவர் இப்போது வேறொரு வீட்டில் புது முற்பணத்துக்கு வேலை செய்துகொண்டிருப்பார். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் இங்கே நினைவிருக்கும். ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாயைக் கட்டம் கட்டமாகவே தந்தார்கள், ஒரு கட்டம் முடிந்ததைப் பார்த்தபின்தான் அடுத்தது. அந்தக் காசு போதாமல் கடன்பட்டவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், அது வேறு வேதனை. ஆனால் செய்த வேலைக்குப் பின்னால் காசு வர வேண்டும் என்ற ஒழுங்கு சரியானது. நாட்கூலியிலும் கிழமைச் சம்பளத்தைச் சனி பின்னேரம் கொடுத்துவிடுங்கள், அதில் ஒரு நாள்கூடப் பிந்த வேண்டாம். முற்பணம் கேட்டால், உண்மையான தேவை என்றால், இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல் போகாமல் கொடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். வீட்டில் வருத்தம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு என்று வருபவரை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வராது, அனுப்பவும் வேண்டாம். எழுதிக் கொடுங்கள், அவ்வளவுதான்.

செய்ததைத் திருத்தவும் நாட்கூலி கேட்கிறார்

மிகக் கசப்பாகப் போகும் இடம் இது. யன்னல் நிலை இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது, உடைத்துத் திரும்ப வைக்க வேண்டும். அந்த ஒரு நாள் யார் கணக்கு?

கொப்பியில் அந்த நாளுக்குப் போங்கள். நிலை எந்த உயரத்தில் என்று நீங்கள் சொன்னது எழுதியிருக்கிறதா? எழுதியிருந்து அவர் மாற்றி வைத்திருந்தால் திருத்தும் நாளின் சம்பளம் அவருடையது, சாமான் உங்களுடையது. இதை வேலை தொடங்கும் முன்னே பேசி வைத்திருக்க வேண்டும், பிழை நடந்த பிறகு பேசினால் மிரட்டல் போலத்தான் கேட்கும். எழுதவில்லை, "நான் அப்பிடிச் சொன்னனான்" என்று உங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் என்றால் முழுச் சம்பளமும் கொடுங்கள். நான் ஒருமுறை கொடுக்காமல் நின்றேன். மேசன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், அடுத்த மேசன் தேட மூன்று கிழமை ஆனது. அந்த மூன்று கிழமையில் நனைந்த சுவருக்கும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த செற்றிங் பலகைக்கும் போன காசு ஒரு நாள் சம்பளத்தைவிடப் பல மடங்கு. அவரிடம் பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன்.

நடுவில் நீங்களே மனம் மாறி "இந்த இடத்தில ஒரு கதவு வையுங்கோ" என்று சொல்வது வேறு கணக்கு. ஒவ்வொரு மாற்றத்தையும் தனிப் பக்கத்தில் எழுதி, எத்தனை நாள் கூடும் என்று மேசன் சொல்வதையும் எழுதுங்கள். அந்தப் பக்கம் நீளும்போது, அதைப் பார்த்தே நாம் பாதி மாற்றங்களை விட்டுவிடுவோம்.

வெளிநாட்டிலிருந்து காசு போகிறது, வீடு தெரியவில்லை

அண்ணா வீட்டில் நடந்தது இது. வட்ஸ்அப்பில் படம் நிறைய வரும், எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை. சுவர் உயர்ந்ததா என்று அதில் தெரியாது. சுவருக்குப் பக்கத்தில் அளவுநாடாவை விரித்துப் பிடித்து, ஒவ்வொரு வெள்ளியும் வீட்டின் நான்கு மூலையிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். கொப்பியின் அந்தக் கிழமைப் பக்கங்களையும் ஹாட்வெயார் பில்களையும் அதோடு அனுப்ப வேண்டும். காசு அனுப்புபவர், சாமான் வாங்குபவர், சம்பளம் கொடுப்பவர் மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை, குறைந்தது வாங்குபவரும் எண்ணுபவரும் வெவ்வேறு ஆளாக இருந்தால் நல்லது. உறவினரைப் பொறுப்பாக வைத்தால் அவருக்கும் மாதம் ஒரு தொகை பேசிக் கொடுங்கள். சும்மா அலையவிட்டு உரிமையோடு கணக்குக் கேட்பது நல்ல உறவையும் முறித்துவிடும்.

சாமானை மேசன் வாங்கினால் கடையில் அவருக்குக் கழிவு கிடைக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். கிடைக்கலாம். அதற்காகச் சண்டை வேண்டாம், இரண்டு கடையில் நீங்களே விலை கேட்டு, சீமெந்து, கம்பி இரண்டையும் மட்டும் நேரே வாங்குங்கள். பெரிய காசு அந்த இரண்டில்தான் இருக்கிறது. கம்பியைத் துண்டுக் கணக்கில் வாங்கினாலும் ஒன்றைத் தராசில் வைத்துப் பாருங்கள்: 12 மி.மீ. கம்பி 6 மீற்றர் நீளம் என்றால் 5.3 கிலோ வர வேண்டும், 10 மி.மீ. என்றால் 3.7 கிலோ. ஐந்து கிலோவுக்கும் குறைவாக நிற்கும் 12 மி.மீ. கம்பியைத் திருப்பி அனுப்புங்கள்.

வேலை முடிந்தும் கணக்கு முடியவில்லை

கடைசிக் கிழமைச் சம்பளத்தில் ஒரு பகுதியை வைத்திருந்து, முதல் பெருமழைக்குப் பிறகு கொடுப்பதாகத் தொடக்கத்திலேயே பேசியிருந்தால் நல்லது. கூரை எங்கே ஒழுகுகிறது, தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்பதைக் கார்த்திகை மழைதான் காட்டும். மழை வந்து போன மறுநாள் மேசனைக் கூப்பிட்டு இருவருமாக ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். ஒழுகவில்லை என்றால் அங்கேயே, கூரைக்குக் கீழே நின்றபடியே மிச்சக் காசைக் கையில் கொடுங்கள்.